இரண்டாயிரத்து நானூறில் பச்சை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழாது. கோயமுத்தூரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் கேட்டவர் முகம் வாடிவிடுமே என்று, "அப்படியே நேராப் போங்க" என்பார்கள். எதற்கும் முதலில் ஒரு 'ஆமாங்க', யோசனையெல்லாம் அப்புறம்தான். இந்த மரியாதையைக் கவசமாகப் போட்டுக்கொண்டு நாற்பத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது யாருக்கும் தெரியாது.

பெயர் அரங்கசாமி. இதே ஊரில் கணபதி என்ற பகுதியில், கிரைண்டர் பட்டறைக்கும் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்கும் நடுவே என் பட்டறை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அச்சடிக்கிற ஸ்கிரீன் செய்து தருகிறோம். அலுமினியச் சட்டத்தின்மேல் மெல்லிய வலைத்துணியை நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு இழுத்து, விறைப்பாக நிற்கும்போதே பசை தடவி ஒட்டிவிட வேண்டும். இழுப்பது நான். ஒட்டுவது என் மனைவி கனகம். ஒரு பக்கம் துளி கூடுதலாக இழுபட்டாலும் அச்சில் பூ கோணிக்கொள்ளும். அதற்கு மீட்டர் இருக்கிறது. இருந்தாலும் விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. இருபத்திரண்டு வயதில் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் சாயம் ஊற்றும் வேலையில் இருந்தேன். குழந்தைச் சட்டையில் கிளிப் படம். டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டு உரிந்து விழுந்திருந்தது. நான் பாட்டுக்கு மாற்றி ஊற்றிவிட்டேன். அறுநூறு சட்டையில் சிவப்புக் கிளி பச்சை மூக்கோடு உட்கார்ந்திருந்தது. யூனிட்டே வயிறு வலிக்கச் சிரித்தது. கை தவறிவிட்டது என்றேன். தவறியது கண் என்று சொல்லவில்லை. பின்னாளில் கனகத்துக்குச் சொன்னதும் இதே கதைதான். அன்றைக்கே கிளம்பி, வெள்ளை வலையும் வெள்ளிச் சட்டமும் மட்டும் இருக்கிற இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். தினமும் கொஞ்சம் சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிக்னலில் மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்ப்பேன். தக்காளியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். சட்னி தக்காளியா புதினாவா என்பதை நாக்கு சொல்லும். கனகம் புதுப் புடவையைப் பிரித்துக் காட்டினால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு "நல்லாருக்குது" என்பேன்.

இப்படிப்பட்டவனைத் தேடி, போன ஆனி மாசம் ஒரு பெண் வந்தாள். ஆனைமலைப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண், சரவணம்பட்டியில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாளாம். பெயர் லோகப்பிரியா. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஏனுங்ணா, ரப்பர் இழுப்பீங்களா?"

"மெஷ்தானுங்க இழுப்பேன். ரப்பரை எதுக்கு அம்மணி இழுக்கறது?"

"கலரை நகத்தறதுக்குங்ணா."

கலர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனசு பாதி ஷட்டரை இறக்கிவிட்டது. ஆனால் வாய் வழக்கம்போல "ஆமாங்க, உள்ள வாங்க" என்றது.

பையிலிருந்து உள்ளங்கை அகலச் சட்டம் ஒன்றை எடுத்தாள். அதில் கண்ணாடி மாதிரி மெல்லிய ரப்பர் படலம் ஒட்டியிருந்தது. நடுவில் சின்ன ஜன்னல் அளவு தெளிவான இடம். அதற்கு இரண்டு பக்கமும், படலத்தின் மேலும் கீழும் பூசிய கரித் திட்டுகள். ஜன்னலில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரம் கோடு இருக்கிறது என்றாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரியவில்லையோ என்று பயந்து "ஆமாங்க" என்றேன்.

"உங்களுக்கும் தெரியாதுங்ணா, யாருக்குமே தெரியாது," என்று சிரித்தாள். "வெள்ளை வெளிச்சத்தை இதுல உட்டா, அந்தக் கோடு பிரிச்சுக் கலர் கலராப் போட்டுரும். சிடியைச் சாச்சுப் பாத்தாத் தெரியுமில்லீங்க, அதாட்ட. எந்தக் கலரு எங்க போயி விழுகோணுங்கறது கோட்டுக்குக் கோடு எத்தன எடவெளிங்கறதுலதான் இருக்குதுங்க. கரியில கரண்டு குடுத்தா, மேல் பூச்சும் கீழ் பூச்சும் ஒன்னை ஒன்னு இழுக்கும். நடுவுல ரப்பர் நசுங்கி அகலமாகும். ரெண்டு பக்கமும் அகலமானா ஜன்னல் ஒடுங்குமில்லீங்க? கோடெல்லாம் நெருங்கி வந்துரும், கலரு நகந்துரும்."

"அப்புறம் என்ன தொந்தரவுங்க?"

"ஒடுங்கறப்ப சுருங்கிப் போயிருதுங்ணா, துணி சுருங்கறாப்புடி. முன்னாடியே நல்லா இழுத்து வெச்சிருந்தாச் சுருங்காது. என்ற கையில இழுத்தா ஒரு பக்கம் கூடப் போயிருது."

இழுக்கிற வேலைதானே, எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். பத்துச் சட்டம் வீணாயிற்று. வலைத்துணி சொன்ன பேச்சைக் கேட்கும். ரப்பர் எங்கள் ஊர்க்காரன். முதலில் ஆமாங்க என்று விறைத்து நின்றுவிட்டு, நாம் திரும்பியதும் தன் இஷ்டத்துக்கு இளகும். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வரும், கிளாம்பை விட்டெறிவேன், கனகம் எடுத்துத் துடைத்து வைப்பாள். பிறகு ஒரே மூச்சாக இழுக்காமல், இழுத்து, இளகவிட்டு, மறுபடி இழுத்து, நாலாவது இழுப்பில் ஒட்டினோம். பதினொன்றாவது சட்டம் நின்றது. அவள் கரி பூசி, கோடு பதித்துவிட்டு, "வந்து பாருங்ணா" என்று போன் செய்தாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்ததை இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. இருட்டு அறை. கவின் என்று ஒரு மாணவன், அவளோடு வேலை செய்பவன், குமிழைத் திருப்பினான். கறுப்புத் திட்டுகள் இரண்டும் மெல்ல அகன்றன. நடுவே இருந்த ஜன்னல் ஒடுங்கியது. குமிழைக் குறைத்தான், திரும்பப் பழையபடி விரிந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி ஏறி இறங்கியது. மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை, சத்தமே இல்லை. கணபதியில் பிறந்து வளர்ந்தவன் நான். அசைகிற எதுவும் கத்திக்கொண்டுதான் அசையும் என்று நினைத்திருந்தேன். கரண்டைக் கொடுத்தால் வெறும் ரப்பர் தானாகவே மூச்சு விடுகிறது. நான் இழுத்த ரப்பர்.

சுவரில் விழுந்திருந்த ஒளிப்பட்டை அப்போது நகர்ந்தது. அது விழுகிற இடத்தில் கறுப்புத் தட்டி நிறுத்தி, அதில் நூலளவு பிளவு ஒன்று மட்டும் விட்டிருந்தார்கள். பட்டை நகர நகர அந்தப் பிளவு வழியே ஒவ்வொரு நிறமாகப் பின்னாலிருந்த கறுப்புப் பெட்டிக்குள் வந்து விழுமாம்.

"பச்சை வந்துருச்சு பாருங்ணா," என்றான் கவின்.

"ஆமாங்க," என்றேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் லோகப்பிரியா பட்டறைக்கே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது என்று கனகம் பிறகு சொன்னாள். மறுநாள் பதினோரு மணிக்கு, ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற குழு டெல்லியிலிருந்து வருகிறது. அவர்கள் திருப்தியாகப் போனால் இன்னும் இரண்டு வருஷம் ஆராய்ச்சி நடக்கும். இல்லையென்றால் அன்றோடு மூடிவிடுவார்கள், ஐந்து வருஷ உழைப்பு அலமாரிக்குப் போய்விடும். நிறத்தை அளக்கிற கருவி பெங்களூருக்கு ரிப்பேருக்குப் போயிருக்கிறது. கவின் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்த ஆய்வுக்கூடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"அவங்க எந்தக் கலரு கேக்கறாங்களோ அதை நான் கொண்டு வந்து காட்டோணுமுங்ணா. ஆறு கலரு. எத்தன வோல்ட்டுக்கு எந்தக் கலருன்னு இன்னைக்கே குறிச்சு வெச்சாகோணும். நான் குமிழு திருப்பறேன், நீங்க பொட்டிக்குள்ள பாத்துக் கலரை மட்டும் சொல்லுங்க."

"போனுல படம் புடிச்சுப் பாத்துக்கலாமில்லீங்க?" என்று நழுவப் பார்த்தேன்.

"போன் காமிரா அதுவாவே கலரை மாத்திக்குதுங்ணா. மனுசன் கண்ணுதான் வேணும். நாலஞ்சு தடவை ஓட்டிப் பாக்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் கரண்டு ஏறுறப்ப படலம் பொத்துக்கலாம். இருக்கறது இந்த ஒரு சட்டம். அதனால ஒரே தடவை, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மணி, எனக்கு இந்த விஷயத்தில் கண் இல்லை என்று ஒரு வரி. கனகம் பசைத் தூரிகையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குச் சிவப்புக் கிளிதான் ஞாபகம் வந்தது. "ஆமாங்க, வாரேன்," என்றேன்.

குமிழ் மேஜையின் ஒரு கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். நான் பார்க்க வேண்டிய கறுப்புப் பெட்டி மறுகோடியில். அவள் அங்கே, நான் இங்கே. முகத்தைப் பெட்டிக்குள் பதித்தேன். வெள்ளை அட்டையில் ஒரு வெளிச்சக் கோடு இருந்தது.

"இப்ப என்னங்ணா?"

"செகப்புங்க." ஆரம்பம் சிவப்பு என்று கவின் முன்பு சொன்னது ஞாபகம் இருந்தது.

குமிழ் நகர்ந்தது. கோடு கொஞ்சம் பளிச்சென்று ஆன மாதிரி இருந்தது. ஆரஞ்சு என்றேன். இன்னும் பளிச்சிட்டது, மஞ்சள் என்றேன். எனக்கு எல்லாம் ஒரே வெளிறிய கோடுதான். பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரும் தெரியாத மாணவன் போல வரிசையை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

"இது பச்சையாயிருச்சுங்களா? ரெண்டாயிரத்தி நானூறு."

"ஆமாங்க, பச்சைங்க."

"நல்லாத் தெரியுதுங்களா?"

"ஆமாங்க, நெம்ப நல்லாத் தெரியுது."

ஊதா மட்டும் நிஜமாகவே தெரிந்தது. அது ஒன்றைத்தான் உண்மையாகச் சொன்னேன். அவள் ஆறு எண்ணையும் எழுதி முடித்துவிட்டு, கண்ணை மூடி மூச்சு விட்டாள். "நீங்க இல்லீனா நான் என்ன பண்ணியிருப்பேனுங்ணா," என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றேன்.

திரும்பும்போது கணபதி பஸ் ஸ்டாப் பூக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கனகத்துக்கு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால் பூ வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கிப் போகிறேன்.

"தனிக் கனகாம்பரமுங்களா, மரிக்கொழுந்து வெச்சுக் கட்டுனதுங்களா?" என்று பூக்காரம்மா பொன்னாத்தாள் கேட்டார்.

"எப்பவும் குடுக்கறதே குடுங்க." இலையில் சுற்றிக் கொடுத்தார். வாசம் வைத்து மரிக்கொழுந்து இருப்பது தெரியும். பார்த்தால் எனக்கு அது ஒரே நிறத்துக் கயிறுதான்.

வீட்டில் தட்டில் வைத்த தோசையைத் தொடவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் இல்லை என்பது என் விஷயத்தில் அன்றைக்குப் பலித்தது. கனகம் எதிரே உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. ஆனால் முக்கியமான சங்கதி என்றால் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள், கோர்ட்டில் நிற்கிற மாதிரி.

"அங்க என்ன பண்ணுனீங்க?"

"அந்தப் பொண்ணு கலரு கேட்டுச்சு. சொன்னேன்."

"கலரு. நீங்க சொன்னீங்க."

கேள்வி மாதிரி இல்லை அது.

"உனக்குத் தெரியுமா?"

"கண்ணாலமாயி மூணாவது மாசம் தெரிஞ்சுதுங்க. பச்ச மொளகாயும் பழுத்த மொளகாயும் கலந்து கெடந்துது, பிரிச்சுக் குடுங்கன்னேன். நீங்க ஒவ்வொன்னா எடுத்து அமுக்கி அமுக்கிப் பாத்தீங்க. மொளகாயை யாராச்சும் அமுக்கிப் பாப்பாங்களா?"

"இத்தன வருசமா ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இத்தனை வருஷம் நான் சோறு போட்டு மூடிக்கொண்டிருந்த பூசணிக்காயை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே அவளும் சாப்பிட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

"எங்கிட்டச் சொல்லாட்டிப் போவுது," என்றாள். "நாளைக்கு அந்தப் புள்ள பச்சைன்னு சொல்லிக் காட்டறப்ப அங்க வேற ஒன்னு நின்னா, அவ மானம் போவாதுங்களா? ஒரு கிளிக்கு நீங்க இத்தன வருசம் ஒளிஞ்சீங்க. அவளை ஒளியறாப்புடி பண்ணிப்போடாதீங்க. காலைல மொதல் வேலையாப் போயிச் சொல்லிப்போடுங்க. நானும் வாரேன்."

வெள்ளிக்கிழமை எட்டரைக்குச் சரவணம்பட்டி போய்ச் சேர்ந்தோம். லோகப்பிரியா ஆறு எண்களையும் பெரிய அட்டையில் அச்சடித்து மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்தந்த நிறத்தில் ஒரு வட்டம். கனகத்தைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்று எழுந்தாள்.

நின்ற இடத்திலேயே சொன்னேன். "அம்மணி, எனக்குச் செகப்பும் பச்சையும் தெரியாதுங்க. பொறப்புலயே தெரியாது. நேத்துச் சொன்னது பூராவும் குத்துமதிப்புங்க. உங்ககிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வரல. என்னைத் திட்டுங்க."

அவள் திட்டவில்லை. என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"திட்டறதுக்கு நேரமில்லீங்ணா," என்றாள் கடைசியில். "இன்னொருக்கா ஓட்டித்தான் ஆகோணும். பொத்துக்கிச்சுன்னா பொத்துக்கட்டும். நான் பொட்டிக்கு வந்துர்றேன். நீங்க குமிழுக்கு வாங்க."

"நானுங்களா?"

"அந்த ரப்பரு எப்ப இளகும், எப்ப நிக்கும்னு உங்க கைக்குத்தானுங்ணா தெரியும்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். குமிழில் விரலை வைத்தேன். மூவாயிரம் வோல்ட்டுக்கு மேல் போனாலும் ஆளைக் கொல்கிற அளவுக்கு அதில் கரண்டு இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள். நான் பயந்தது எனக்காக இல்லை. ஒரு மயிரிழை வேகம் கூடினால் படலம் ஓட்டையாகிவிடும், ஐந்து வருஷம் அந்த ஓட்டை வழியே போய்விடும். பட்டறையில் செய்கிற மாதிரியே செய்தேன். கொஞ்சம் ஏற்றி, இளகவிட்டு, நின்றதும் இன்னும் கொஞ்சம். தடுப்பு வழியே கறுப்புத் திட்டுகள் அகல்வது தெரிந்தது. நான் திருப்பத் திருப்ப அது மூச்சு இழுத்தது.

"ஆரஞ்சு," என்றாள் லோகப்பிரியா. "நில்லுங்ணா. எத்தன?"

"ரெண்டாயிரத்தி நானூறுங்க."

நான் பச்சை என்று சத்தியம் பண்ணிய எண். கனகம் பேப்பரில் எழுதினாள்.

மூவாயிரத்து நூறில் பச்சை வந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து வோல்ட்டும் எனக்கு ஒரு மணி நேரமாக இருந்தது. எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டபோது மூவரும் மூச்சை நிறுத்திவிட்டோம். ஏசி மிஷின்தான். ஊதாவரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். சட்டம் பிழைத்தது. அச்சடித்த அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் புது எண்களைக் கையால் எழுதினாள். மணி பத்தேகால்.

குழு வந்தபோது நானும் கனகமும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளேயிருந்து இங்கிலீஷும் இந்தியும் கேட்டன, ஒன்றும் புரியவில்லை. பிறகு யாரோ ஒருவர் "கிரீன்" என்றார். உள்ளே அமைதி. அந்த அமைதி முடிகிறவரை கனகத்தின் கையைப் பிடித்திருந்தேன். அப்புறம் பலபேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம் வந்தது, நல்ல சத்தம். கதவு திறந்து குழு சாப்பிடப் போனது. பின்னால் வந்த லோகப்பிரியா எங்களைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு வருஷம்.

போகலாம் என்று எழுந்தோம். அவள் விடவில்லை.

"சித்த இருங்ணா," என்றாள். கனகத்தின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்தப் பூவைக் கொஞ்சம் தருவீங்களா?"

கனகம் பூச்சரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அதைப் பெட்டிக்குள் வெள்ளை அட்டைமேல் நீளமாக வைத்தாள் லோகப்பிரியா. அறையை இருட்டாக்கினாள். என்னைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு அவள் குமிழுக்குப் போனாள்.

"மொதல்ல செகப்பு வெளிச்சமுங்ணா. என்ன தெரியுது?"

சரத்தில் பூக்கள் வெளிச்சமாக நின்றன. ஆனால் பூவுக்கும் பூவுக்கும் நடுவில் ஓட்டை. ஓட்டை என்று நினைத்து உற்றுப் பார்த்தேன். அங்கே மரிக்கொழுந்து இருந்தது, கருகினாற்போல் மங்கி ஒடுங்கியிருந்தது. நாலு பூ, ஓர் இருட்டு, நாலு பூ, ஓர் இருட்டு. எண்ணிக் கட்டியிருந்தார் பொன்னாத்தாள்.

"இப்ப ஏத்தறேனுங்ணா."

மெல்ல, மெல்லத்தான் நடந்தது. பூக்கள் மங்கத் தொடங்கின. இருட்டாக இருந்த இடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கொழுந்தின் கிளையெல்லாம், நரம்பு நரம்பாக, இதுவரைக்கும் அங்கே இல்லாத ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி வெளிச்சத்துக்கு வந்தது. பூக்கள் கறுத்து ஒதுங்கிவிட்டன. அதே சரம், அதே இடம். ஒரு கைகூடப் படவில்லை.

"திருப்பிக் கொண்டு போங்க அம்மணி," என்றேன். கொண்டு போனாள். பூ வந்தது, கொழுந்து போனது. "இன்னொருக்கா." கொழுந்து வந்தது, பூ போனது. எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. படலம் பொத்துக்கொள்ளுமே என்று அவளும் சொல்லவில்லை.

பச்சை எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, இனித் தெரியப் போவதும் இல்லை. ஆனால் அது இருக்கிறது. சிவப்பு இருக்கிற இடத்தில் அது இல்லை. நான் இழுத்துக் கொடுத்த உள்ளங்கை அகல ரப்பர் மூச்சு விட்டு மூச்சு வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்த இரண்டையும் என் கண்ணெதிரே பிரித்து வைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஒற்றை நிறக் கயிறு என்று நினைத்து இதை வாங்கிப் போய் கனகத்திடம் கொடுத்திருக்கிறேன். பெட்டியின் விளிம்பெல்லாம் ஈரமாகிவிட்டது.

கனகம் பக்கத்தில் வந்து குனிந்தாள். பெட்டியின் வாய் சின்னது. இரண்டு பேர் பார்க்க வேண்டுமென்றால் கன்னத்தோடு கன்னம் ஒட்ட வேண்டும். ஒட்டிக்கொண்டாள். கொழுந்து மட்டும் எழுந்து நின்ற நேரம் அது. என் வாழ்நாளில் யாரிடமும் கேட்காமல் தப்பித்து வந்த கேள்வியை அவளிடம் கேட்டேன்.

"கனகு, இது என்ன கலரு?"

"பச்சைங்க," என்றாள்.

"ஆமாங்க," என்றேன். இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.